“இந்தப் பேர்ல ஆள் இருக்காகளா?”

போடி கடைத்தெருவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. எவர்சில்வர், பித்தளை, எது வாங்கினாலும் பெயர் வெட்டித் தருவோம், கரண்டிக்குக்கூட உண்டு. நான் மருமகளாக வந்த காலத்தில் பெயர் வெட்டும் மிஷினுக்கு முன்னால் என் ஓரகத்தி உட்கார்ந்திருப்பார். என் கணவருடைய அண்ணனின் மனைவி. நான் அக்கா என்பேன். அவருடைய எழுத்து அச்சடித்தது போல இருக்கும். அந்த எழுத்துக்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வருவார்கள். வந்தவர்களிடம் பாத்திரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்.

“இந்தப் பேர்ல ஆள் இருக்காகளா?”

இறந்துபோனவர் நினைவாகக் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ கொடுக்கிற அண்டா, குத்துவிளக்கு என்றால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். ஓரத்தில் பூவெல்லாம் போட்டுத் தருவார். “செத்தவுக பேருக்கு என்ன பயம்? அவுகள இனிமே ஆரு தேடப் போறா?” என்பார். உயிரோடு இருக்கிறவர் பெயர் என்றால் முகம் சுருங்கிவிடும். வாயால் சொல்ல விடமாட்டார். துண்டுத் தாளில் எழுதித் தரச் சொல்லுவார். வெட்டி முடித்ததும் எழுத்து வெளியே தெரியாதபடி செய்தித்தாளைச் சுற்றித்தான் கையில் கொடுப்பார். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வெட்டக் கேட்டால் மிஷினை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார். கல்லாவில் இருக்கும் என் மாமியார்தான் வந்தவர்களைச் சமாளிப்பார்.

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவருக்கு இரண்டு பெயர்கள். இரண்டையும் எழுத மாட்டேன். அவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன, அவர் கணக்குப்படி இனி பயமில்லைதான். இருந்தாலும் கை வரவில்லை. என் பெயரையும் என் மகள் பெயரையும்கூட விட்டுவிடுகிறேன். எம்.காம். படித்தவள், கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கிறவள், இப்படி எழுதுகிறேனே என்று யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

அவர் மார்க்கையன்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஊரில் வைத்த பெயர் நாலு பேர் முன்னால் சொல்லக் கூசும் பெயர். மாட்டுத் தொழுவத்தில் புழங்குகிற ஒரு சாமானின் பெயர். பாத்திரம் கொண்டுபோன இடத்தில் அவரைப் பார்த்துவிட்டு, கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று என் கணவரின் அண்ணன் ஒற்றைக்காலில் நின்றாராம். கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் ஞானஸ்நானம். வேதத்திலிருந்து ஓர் அழகான பெயர் வைத்தார்கள். என் மாமியார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்: “நாங்க வச்ச பேரு, கேக்கவே எப்பிடி இருக்கு.” கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவர் ஏன் என்று கேட்க மாட்டார்.

பழைய பெயருக்கும் கேட்க மாட்டார். அவர் கணவர் “இந்தா” என்பார். மாமியார் கையைத் தட்டுவார். நாடே ஆதார் அட்டையில் எழுத்துப்பிழை என்று சொல்லி வரிசையில் நின்ற காலத்தில், தன் அட்டைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று சந்தோஷப்பட்ட ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அவர்தான். ஆதாரில் பழைய பெயர், அதுவும் தப்பாக. வாக்காளர் அட்டையில் புதுப் பெயர். வங்கியில் இரண்டும் இல்லாத ஏதோ ஒன்று. திருத்திவிடலாம் அக்கா, நான் கூட வருகிறேன் என்றேன்.

“கெடக்கட்டும்த்தா. தேடி வர்றவன் கொழம்பட்டும்.”

“யாருக்கா தேடி வரப் போறா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாமலா காலேஜுக்குப் போனாய் என்ற கேள்வி இருந்தது.  

ஒருநாள் உச்சி வேளை. கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா ஒரு தட்டில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். தெருவிலிருந்து ஓர் ஆண் குரல் அவருடைய பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டது. ஒரே ஒரு தடவை. அக்காவின் கை நின்றுவிட்டது. மிஷின் நிற்கவில்லை. ஊசி ஒரே இடத்தில் ஓடித் தட்டில் குழி விழுந்தது. அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, தெருவையும் பார்க்கவில்லை. கழுத்து நரம்பு மட்டும் துடித்தது. நான் பார்க்க எழுந்தேன். கையைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டார். அந்தப் பிடியில் எனக்கு வலித்தது. பிறகு அதே குரல் இன்னொரு முறை கூப்பிட்டது. அக்கா மூச்சை விட்டார். “ஏன்?” என்றார். அவர் ஊர்க்காரர் ஒருவர், வாழைத்தார் ஏற்றி வந்த வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டு நின்றார்.

“மொத தடவ கூப்பிட்டா ஏன்னு கேக்கக் கூடாது. அவனுக்கு ஒருக்காதான் கூப்பிட முடியும்” என்று அந்த ஊர்க்காரர் போனபிறகு அக்கா என்னிடம் சொன்னார். அன்று முழுக்க யார் எதைச் சொன்னாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அக்கா வேதம் வாசிக்கிறவர். எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களை விட அதிகமாக வாசிக்கிறவர். ஒரு வருடப் பிறப்பையொட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, போதகர் பெயர் மாற்றத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஆபிராம் ஆபிரகாம் ஆனது, சாராய் சாராள் ஆனது, யாக்கோபு இஸ்ரவேல் ஆனது, சீமோன் பேதுரு ஆனது. பழைய பெயர் போனால் பழைய வாழ்வும் போயிற்று, புதுப் பெயர் புதுத் தொடக்கம் என்றார். நல்ல பிரசங்கம். மதியம் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்துக் காபி குடிக்கும்போது அக்கா கதவோரம் வந்து நின்றார்.

“ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேளும்மா.”

“ஆபிராமா இருந்த வரைக்கும் அவர்கிட்ட கர்த்தர் பிள்ளையக் கேக்கல. ஆபிரகாமுன்னு பேர மாத்துன பெறகுதான, பெத்த பிள்ளைய மலைக்குக் கூட்டிட்டு வந்து பலி குடுன்னாரு? யாக்கோபுக்குப் புதுப்பேரு குடுக்கும்போது தொடையத் தொட்டு நொண்டியாக்கிட்டாரு. நகோமி, புருசன் பிள்ளைக எல்லாத்தையும் பறிகுடுத்துட்டுத்தான் இனிமே என்னைய மாராள்னு கூப்பிடுங்கன்னா. தானியேலுக்குப் பாபிலோன்ல பேர மாத்துனாக, அப்பறம் சிங்கக் கெபியில போட்டாக. புதுப்பேரு சும்மா வர்றதில்லங்கய்யா. எதையாச்சும் எடுத்துக்கிட்டுத்தான் வருது.”

மாமியார் முகம் கடுத்தது. போதகர் வயதானவர், ஓய்வு பெறப் போகிறவர், மழுப்பத் தெரியாதவர். காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“நீ வேதத்தை ஒழுங்காத்தாம்மா வாசிச்சிருக்க. ஆனா பயந்துக்கிட்டே வாசிச்சிருக்க. இஸ்ரவேல்னு பேரு குடுத்ததுக்குப் பெறகும் கர்த்தர் அவனைப் பழைய பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாரு. யாக்கோபே, யாக்கோபேன்னு ரெண்டு தடவ. எகிப்துக்குப் போகப் பயப்படாதேன்னு சொல்றதுக்கு. பழைய பேரயும் அவரு மறக்கல, பாரு.”

அக்கா விடவில்லை. “பயப்படாதேன்னு சொல்றாகன்னா, அங்கன பயப்பட என்னமோ இருக்குன்னுதானங்கய்யா?”

போதகர் சிரித்துவிட்டார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. பிறகு பாத்திரம் துலக்கும்போது அக்கா என்னிடம் மட்டும் சொன்னார்: “எனக்கு வச்ச புதுப்பேரு என்னத்த எடுத்துச்சுன்னு எனக்குத் தெரியும்த்தா. கல்யாணமாகி இத்தன வருசமா வயிறு தெறக்கல.” அவர் குரலில் அழுகை இல்லை. பால் விலை ஏறிவிட்டது என்பதைப் போலச் சொன்னார்.

நான் முதல் தடவை உண்டானபோது வீடே கொண்டாடியது. ஏழாவது மாதம் வளைகாப்புக்கு முன்பே என் மாமியார் பேரனுக்குப் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். பேரன்தான் என்று முடிவும் செய்துவிட்டார். வெள்ளி டம்ளர் ஒன்று எடுத்து, பெயர் வெட்டித் தா என்று அக்காவிடம் நீட்டினார். அக்கா மிஷினை அணைத்தார். “வேணாம் அத்தை. பிள்ள மொதல்ல வரட்டும்” என்றார். இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. கடைசியில் என் கணவரே உட்கார்ந்து கோணல்மாணலாக வெட்டினார். எழுத்தைப் பார்த்து எல்லோரும் கேலி செய்தோம். அக்கா அந்த இடத்திலேயே இல்லை.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. வயிற்றுக்குள் அசைவு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு வந்தேன்.  ‘அப்பவே சொன்னேனே’ என்று அக்கா ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அடுத்த நாள் பிற்பகல் மாடியில் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அந்த வெள்ளி டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, எழுத்து போகிற வரைக்கும் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் கருத்திருந்தது. டாக்டர் கொடிச்சுற்று என்று காரணம் சொல்லியிருந்தார். எனக்கு அது புரிந்தது. ஆனாலும் அன்றிலிருந்து அக்காவைக் கண்டால் எனக்குப் பயம் வந்தது. அவர் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்.

இரண்டாவது தடவை வீட்டில் யாரும் பெயர்ப் பேச்சே எடுக்கவில்லை. எட்டாம் மாதம் பனிக்குடம் உடைந்தது. தேனிப் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மூச்சுக்குக் குழாய், மூக்கில் குழாய். காலில் கட்டிய அட்டையில் என் பெயரை எழுதி, அதன் கீழே பேபி என்று போட்டிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்து, “நல்லவேள, பிள்ளைக்குன்னு பேரு இல்ல” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மாமியார் போதகரைக் கூட்டிவந்துவிட்டார். குழந்தைக்கு உடனே பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்றார். என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள்.

“பேரில்லாமப் போயிருச்சுன்னா பரலோகத்து ஜீவபுஸ்தகத்துல என்னன்னு எழுதுவாக?” என்று மாமியார் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“பேர வச்சா எழுதிருவாக அத்தை. எனக்கு அதான் பயமா இருக்கு” என்றார் அக்கா.

இரண்டு பேருக்கும் ஒரே பயம்தான். ஆனால் ஒருவர் சொல்வதைச் செய்தால் இன்னொருவர் பயந்தது நடந்துவிடும். போதகர் இருவரையும் பார்த்தார். “கர்த்தருக்குப் பிள்ளையத் தெரியும்மா. பேரு வேணும்னா இப்பவே வைக்கிறேன், வேணாம்னா ஜெபம் மட்டும் பண்றேன். ஆத்தாளக் கேளுங்க” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.  பெயர் வைத்து இறந்துவிட்டால்? வைக்காமலே இறந்துவிட்டால்? “வேணாங்கய்யா. வீட்டுக்கு வரட்டும்” என்று என் வாய் சொல்லிவிட்டது. போதகர் தலையசைத்துவிட்டு ஜெபம் செய்தார். அவர் போனதும் மாமியார் என் காதருகே குனிந்தார். “அவ பேச்சக் கேட்டு ஆடுற. அவளுக்குப் பிள்ள இல்ல, தெரியும்ல? ஒம்பிள்ள மேல ஒரு கண்ணு வச்சிட்டா. பாத்துக்க.”

அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் அக்கா முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வந்தார். என் கட்டிலருகே உட்கார்ந்து அவிழ்த்தார். ஒரு பிடி தவிடு. தீவனக் கடையில் வாங்கியது.

“கையை நீட்டு.”

“எதுக்குக்கா?”

“எங்காத்தாளுக்கு எனக்கு முன்னாடி பொறந்தது எதுவும் தங்கல. என்னையப் பெத்ததும் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு பிடி தவிட்டுக்கு வித்துட்டாக. நான் எங்காத்தா பிள்ள இல்லன்னு ஆயிருச்சு. தேடி வந்தவன் வீடு தப்பிப் போயிட்டான். அவன் தொடவே கூசட்டும்னுதான் எனக்கு அந்தப் பேரு, இப்பத் தெரியுதா?”

நான் கையை நீட்டவில்லை. மாமியார் சொன்னது காதில் ஒலித்தது. அக்கா குரலைத் தாழ்த்தினார்.

“இது நம்ம வேதத்துலயும் இருக்குத்தா. ராகேலு பிள்ளையப் பெத்துட்டு உசுரு போற நேரத்துல பெனொனின்னு பேரு வச்சா. துக்கத்தோட பிள்ளைன்னு அர்த்தம். அப்பங்காரன் அத பென்யமீன்னு மாத்திட்டான். பிள்ள பொழச்சுச்சு.”

“ராகேல் செத்துட்டாளேக்கா.”

“ஆமா. பிள்ள பேர மட்டும் மாத்துனாக. அதான் இங்கன ஆத்தாளயும் மாத்தணும்ங்கிறேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையை நீட்டினேன். தவிட்டைக் கொட்டி என் விரல்களை மடக்கினார். “வித்துட்டியா?” என்றார். “வித்துட்டேன்” என்றேன். “இனிமே இங்கன ஒம்பேரச் சொல்லிக் கூப்பிட்டா நீ வாயத் தெறக்காத” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குத் தையல் போட்ட இடம் சீழ்பிடித்துக் காய்ச்சல். எழுந்து நடக்க முடியவில்லை. பால் எடுத்துக் கொடுப்பேன், அக்கா கொண்டுபோவார். குழந்தைகள் வார்டு வாசலில் நர்ஸம்மா என் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார். ஒரே தடவைதான் கூப்பிடுவார்; அவருக்கு அவ்வளவுதான் நேரம். தன் பெயர் எதற்கும் முதல் தடவையில் ஏன் என்று கேட்டிராத அக்கா, என் பெயருக்கு முதல் தடவையிலேயே “இந்தா இருக்கேன்” என்று ஓடுவார் என்று என் கணவர் வந்து ஆச்சரியமாகச் சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இல்லை. படுத்த படுக்கையில் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெயரையும் எடுத்துக்கொண்டார், பிள்ளையையும் எடுத்துக்கொண்டார். பிழைத்தால் திருப்பித் தருவாரா?

குழந்தை பிழைத்தது. குழாய்கள் ஒவ்வொன்றாகப் போயின. எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. வீட்டுக்குப் போகலாம் என்ற நாளில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அக்கா. புதிதாக டியூட்டிக்கு வந்த நர்ஸ் ஒருவர் துணியில் சுற்றிய குழந்தையோடு வாசலுக்கு வந்து என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்து ஓடி வாங்க என் உடம்பெல்லாம் துடித்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

“இந்தா இருக்கேன்” என்று அவர் எழுந்து போய் வாங்கிக்கொண்டார். என் பக்கம் பார்க்காமல் நேராகக் காருக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். போடி வரும் வரைக்கும் குழந்தை அவர் மடியில்தான். நான் ஒரு விரல்கூட வைக்கவில்லை. அது ஒரு தடவை முனகியபோது என் மார்பில் பால் கசிந்து ரவிக்கை நனைந்தது. அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். முன்சீட்டில் என் கணவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கினோம். ஆரத்தி எடுக்கிற வழக்கமெல்லாம் எங்களுக்கில்லை. மாமியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா படியேறவில்லை. தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார். எதிரே கடைகளில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

“இது எம்பிள்ள” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். “தவிடு குடுத்து நான் வாங்குன பிள்ள.”

 நான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டேன். 

அக்கா என்னிடம் திரும்பி, குழந்தையை என் கையில் வைத்தார். “எனக்குக் கட வேல கெடக்கு. நீ பால் குடுத்து வளத்துக் குடு” என்றார், அதே சத்தமான குரலில். நான் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். 

இதெல்லாம் நடந்து மூன்றாவது வருடம் அக்கா போய்விட்டார். கிட்னி என்றார் டாக்டர், பல வருடத்துச் சர்க்கரை என்றார். நான் டாக்டரை நம்புகிறேன். பகல் நேரத்தில் முழுக்கவே நம்புகிறேன். மற்ற நேரத்தில், அன்று வாசலில் குழந்தையை என் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டபோது அவர் என் காதுக்குள் சொன்னது ஞாபகம் வரும். அதை மட்டும் அவர் சத்தமாகச் சொல்லவில்லை.

“ஆராச்சும் வந்து கேட்டா, என்னையக் கைகாட்டு.”